16 மிமீ ஒளிக்கூம்புப் படம், அதே மாலையில் கலைஞர் உரையாடல்: காலரியில் எப்படி ஏற்பாடு செய்வது?

வெள்ளைச்சுவர்:

எங்கள் அருங்காட்சியகத்தின் சமகாலப் பிரிவில் அடுத்த மாதம் ஒரு மாலை நிகழ்ச்சி. இரண்டு படம், பிறகு உரையாடல்.

முதல் படம் அந்தனி மெக்காலின் ‘லைன் டிஸ்கிரைபிங் எ கோன்’ (1973). 16 மிமீ பிரிண்ட், கறுப்பு வெள்ளை, ஒலி கிடையாது, 30 நிமிடம். பெட்டியோடு வரும் தாளில் விநாடிக்கு 24 பிரேம், லீடரோடு (படத்தின் முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றுப் பிலிம்) சேர்த்து 1100 அடி என்று போட்டிருக்கிறது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற படம் இல்லை. கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது வளைந்து கோடாகி, அரைமணி நேரத்தில் முழு வட்டமாக மூடிக்கொள்கிறது. அறையில் மெல்லிய புகை இருந்தால் அந்த ஒளி லென்ஸிலிருந்து சுவர் வரைக்கும் உள்ளே வெறுமையான ஒரு கூம்பாக நிற்கும். பார்க்க வருகிறவர்கள் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதற்குள்ளே நுழைந்து வெளியே வருவார்கள்.

இரண்டாவது, நம் ஊர்க் கலைஞர் ஒருவரின் 22 நிமிட டிஜிட்டல் படம். அவரோடுதான் உரையாடல், 40 நிமிடம்.

இடம்: 14 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் உயரமுள்ள காலரி. வெள்ளைச் சுவர், மெருகேற்றிய கிரானைட் தரை, சென்ட்ரல் ஏசி, கூரையில் ஸ்மோக் டிடெக்டர்கள். பக்கத்தில் 90 இருக்கை உள்ள ஒரு உரையரங்கமும் இருக்கிறது. கைவசம் உள்ள 16 மிமீ புரொஜெக்டர் அமெரிக்க வகை, 120 வோல்ட், 50 மிமீ லென்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுகிறோம். 60 பேர் வரக்கூடும்.

கேள்விகள்: இந்த லென்ஸ் போதுமா? அலாரம் அடிக்காமல் புகை போடுவது எப்படி? இரண்டு படத்தையும் உரையாடலையும் ஒரே அறையில் முடித்துவிடலாமா?

பதினாறு_மிமீ:

லென்ஸுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த டிரான்ஸ்பார்மர். அது 230 வோல்ட்டை 120 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. பழைய புரொஜெக்டர்கள் பலவற்றில் மோட்டார் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டாரை நம் ஊர் மின்சாரத்தில் ஓட்டினால் 24 பிரேம் போக வேண்டிய இடத்தில் 20 பிரேம்தான் போகும். 30 நிமிடப் படம் 36 நிமிடம் ஆகிவிடும். ஒலி உள்ள படமாக இருந்தால் குரல் கம்மிப்போனது உடனே காதில் விழும். இது ஊமைப் படம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், நீங்களும் உட்பட. ஆனால் ஷட்டர் (ஒளியை மறைத்துத் திறக்கும் சுழல்தகடு) இரண்டு இலை என்றால் விநாடிக்கு 48 தடவை மினுக்க வேண்டியது 40 தடவைதான் மினுக்கும். திரையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். புகையில் கூம்பே துடிப்பது போலத் தெரியும்.

சோதிப்பது எளிது. 16 மிமீயில் அடிக்கு 40 பிரேம், 24 பிரேம் வேகத்தில் நிமிடத்துக்கு 36 அடி. வேண்டாத பழைய லீடரில் 36 அடி அளந்து, இரு முனையிலும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு ஓட்டுங்கள். 60 விநாடி வந்தால் சரி. 72 வந்தால் மேலே சொன்ன கோளாறு. 80 வந்தால் யாரோ வேக ஸ்விட்சை 18 பிரேமில் விட்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில் படம் 40 நிமிடம் போகும்.

இப்போது லென்ஸ். 16 மிமீ புரொஜெக்டர் கேட்டின் (விளக்குக்கு முன்னால் பிலிம் ஓடும் சட்டம்) திறப்பு ஏறக்குறைய 9.65 மிமீ அகலம், 7.2 மிமீ உயரம். கணக்கு இதுதான்: சுவரில் விழும் பட உயரம் = தூரம் × 7.2 ÷ லென்ஸின் மிமீ. 14 மீட்டர் அறையில் ஆபரேட்டருக்குப் பின்னால் 2 மீட்டர் விட்டால் தூரம் 12 மீட்டர். 50 மிமீ லென்ஸில் உயரம் 1.73 மீட்டர்தான் வரும். அந்த வட்டத்துக்குள் ஆள் நிற்க முடியாது, குனிந்துதான் நுழைய வேண்டும். 35 மிமீ போட்டால் 2.47 மீட்டர், 32 மிமீ போட்டால் 2.7 மீட்டர். இந்த இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். 25 மிமீ போனால் 3.46 மீட்டர், கூம்பு பெரிதாகும், அதே ஒளி கூடுதல் பரப்பில் பரவுவதால் அதன் சுவர் மெலிந்துவிடும். என் கைக்கு 35 மிமீதான் இந்த அறைக்குப் பொருத்தம்.

வட்டத்தின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். அப்படியென்றால் வட்ட மையம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் வரும், லென்ஸும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். மேசை மேல் வைத்து முன்காலைத் தூக்கிச் சரிசெய்கிற பழக்கம் இந்தப் படத்துக்கு ஆகாது. ஒளி சுவரில் சரிவாக விழுந்தால் வட்டம் முட்டை ஆகிவிடும். வேறு எந்தப் படத்திலும் யாருக்கும் தெரியாத இந்தச் சாய்வு, இங்கே கடைசி நிமிடத்தில் வட்டம் மூடும்போது அப்பட்டமாகத் தெரியும். படத்தைப் போடாமல் வெறும் கேட்டில் விளக்கை மட்டும் போட்டு, சுவரில் விழும் செவ்வகத்தின் நான்கு பக்கத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இடது உயரமும் வலது உயரமும், மேல் அகலமும் கீழ் அகலமும் சமமாக வரும்வரை ஸ்டாண்டை நகர்த்துங்கள்.

ஸ்டாண்ட் கனமானதாக இருக்கட்டும், காலடியில் மணல் மூட்டை. இருட்டில் ஆட்கள் நடக்கிற அறை இது. மின் ஒயர் பின்பக்கமாக இறங்கிச் சுவரோரம் போக வேண்டும், முழு நீளத்துக்கும் துணி டேப்.

பிரிண்ட் பற்றி ஒன்று. சாதாரணப் படத்தில் தூசிதான் தொல்லை, திரையில் கறுப்புப் பொட்டாக விழும். இந்தப் படம் முக்கால்வாசி கறுப்பு, அதனால் தூசி தெரியாது. கீறல் நேர்மாறு. கறுப்பு எமல்ஷனை (பிலிமில் படம் பதிந்த பூச்சு) கிழித்த கீறல் வழியாக வெள்ளை ஒளி கசியும். புகையில் அது கோடாக நிற்காது. லென்ஸிலிருந்து சுவர் வரை செங்குத்தான ஒரு ஒளித்தகடாகவே நிற்கும், கூம்பை நடுவில் வெட்டிக்கொண்டு. அதனால் பிரிண்ட் வந்ததும் ரீவைண்ட் மேசையில் பருத்திக் கையுறை போட்டு, விளக்குக்கு எதிரே பிடித்து 1100 அடியையும் பாருங்கள். ஏற்கெனவே கீறல் இருந்தால் எத்தனையாவது அடியில் என்று எழுதி, போட்டோ எடுத்து, அன்றைக்கே அனுப்பியவருக்குத் தெரிவித்துவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் (பிலிம் சிதையத் தொடங்கியதன் அறிகுறி) ஓட்டாதீர்கள், முதலில் கேளுங்கள்.

புதிதாகக் கீறல் விழுவது பெரும்பாலும் கேட்டில் படிந்த எமல்ஷன் துணுக்கால். மூங்கில் குச்சி முனையில் பருத்தி, சில துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரும்பு எதுவும் கேட் பக்கம் போகக் கூடாது. பிறகு வேண்டாத படம் ஒரு 50 அடியை ஓட்டி, அதே துண்டை மறுபடி விளக்குக்கு எதிரே பாருங்கள். அதில் கீறல் இல்லாவிட்டால்தான் பிரிண்ட் கேட்டுக்குள் போகலாம்.

1200 அடி ரீலில் முழுப் படமும் அடங்கும், ரீல் மாற்றும் வேலை இல்லை. சுற்றிக்கொள்ளும் ரீலும் அதே அளவு அல்லது பெரிது. சின்னதாக இருந்தால் கடைசி ஐந்து நிமிடம் தரையில்தான்.

வெள்ளைச்சுவர்:

லீடர் சோதனை செய்தேன். 72 விநாடி, அட்சர சுத்தமாக. என்ன செய்வது?

இன்னொன்று: ஆம்ப்ளிஃபையரைத் திறந்தால் லீடர் ஓடும்போது ‘டுர்ர்ர்’ என்று ஒரு சத்தம்.

பதினாறு_மிமீ:

சில மாடல்களில் மோட்டார் தண்டில் இரண்டு அளவில் புல்லி இருக்கும். பெல்ட்டைப் பெரிய புல்லிக்கு மாற்றினால் 50 ஹெர்ட்ஸில் 24 பிரேம் வந்துவிடும். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒற்றைப் புல்லிதான் என்றால் அதன் விட்டத்தை ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் பெரிதாக்கிக் கடைசல் பட்டறையில் ஒன்று செய்துகொள்ளலாம். 20 மிமீ இருந்தால் 24 மிமீ. பெல்ட் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் நேரம் இல்லை என்றால் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் வகை ஒன்றை வாடகைக்கு எடுங்கள், அதுதான் நிம்மதி.

சத்தம் பிரச்சினை இல்லை. ஒலித்தடம் இல்லாத பிலிமில் அந்தப் பக்கமும் துளை இருக்கும். பிரேமுக்கு ஒரு துளை, விநாடிக்கு 24. ஒலி படிக்கிற விளக்கு அந்தத் துளைகளைப் படித்து உறுமுகிறது. ஆம்ப்ளிஃபையரை மூடிவிடுங்கள். புரொஜெக்டரின் கடகட சத்தம் மட்டும் அறையில் இருக்கட்டும். அதைப் பெட்டிக்குள் அடைத்து ஒளிக்க வேண்டாம். புரொஜெக்டர் பார்வையாளர்களுக்கு நடுவில் நிற்பதுதான் இந்தப் படம்.

கட்டடப்பொறி:

புகை என் பக்கம்.

கடையில் ‘ஸ்மோக் மெஷின்’ என்று கேட்டால் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் நுழையும்போது குபுகுபுவென்று கக்குமே, அதைத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது ஹேசர், மெல்லிய மூட்டத்தை (ஹேஸ்) அறை முழுக்கச் சீராகப் பரப்பும் மெஷின். நீர் சேர்ந்த கிளைக்கால் திரவத்தில் ஓடும் வகை. எண்ணெய் வகை ஹேசரில் மூட்டம் இன்னும் அழகாக, இன்னும் நேரம் நிற்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அருங்காட்சியகத்துக்குள் எண்ணெய்த் துளியைக் காற்றில் விட கலைப்பொருட்களைப் பாதுகாக்கும் எந்த கன்சர்வேட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். திரவம் அந்த மெஷின் தயாரிப்பாளர் சொன்னது மட்டும்.

உங்கள் அறை 616 கன மீட்டர். நடுத்தர ஹேசர் ஒன்று போதும். காட்சிக்கு 40 நிமிடம் முன்பு மிகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். ஒரு ஆளை வட்டம் விழும் சுவர் பக்கம் நிறுத்தி, இன்னொருவர் லென்ஸ் முன்னால் நிற்க, வெறும் ஒளியைப் போட்டுப் பாருங்கள். ஒளியின் விளிம்பு கத்தி போலத் தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். பலரும் செய்கிற தப்பு, போதாது போதாது என்று கூட்டிக்கொண்டே போவது. மூட்டம் அதிகமானால் ஒளி வழியிலேயே சிதறி, கூம்பின் உள்பக்கம் பால் போல நிறைந்துவிடும். வெறுமையான கூம்பு என்ற விஷயமே காணாமல் போகும், சுவரில் கோடும் மங்கும். காட்சி நடக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சில விநாடி விட்டால் நிலை மாறாது. ஹேசரின் வாய் ஒளியைப் பார்த்திருக்கக் கூடாது. மூலையில், சுவரைப் பார்த்து.

அலாரம். ஒளியை வைத்து உணரும் டிடெக்டர் ஹேசருக்குக் கட்டாயம் அடிக்கும். வெப்பத்தை உணரும் டிடெக்டர் அடிக்காது. ஸ்ப்ரிங்க்ளரும் புகைக்குத் திறக்காது. சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி சூட்டில்தான் உடையும். டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் தொப்பி மாட்டுகிற குறுக்குவழி வேண்டாம். ஒன்றை மாட்ட மறப்பார்கள், அல்லது மறுநாள் ஒன்றைக் கழற்ற மறப்பார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. முறைப்படி செய்வதானால், அலாரம் பேனலில் அந்த மண்டலத்தை மட்டும் நேரம் குறித்துத் துண்டிக்கச் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். துண்டித்திருக்கும் நேரம் முழுக்க, தீயணைப்பானும் வாக்கிடாக்கியும் கையில் உள்ள ஒரு ஆள் அந்த அறையில் நிற்க வேண்டும், வேறு வேலை கொடுக்கக் கூடாது. முடிந்ததும் மூட்டத்தை வெளியேற்றிவிட்டு, திரும்ப இணைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து.

எல்லோரும் மறக்கும் இடம் ஏசி. காலரியின் காற்று திரும்பப் போகும் குழாய்க்குள்ளும் ஒரு ஸ்மோக் டிடெக்டர் இருக்கும். கூரையில் உள்ளதைத் துண்டித்துவிட்டு இதை விட்டால், அது உணர்ந்ததும் ஏசி யூனிட்டையே நிறுத்திவிடும். தவிர, அதே குழாய் பக்கத்து காலரிக்கும் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் உங்கள் ஹேஸ் அங்கே தொங்கும் துணி வேலைப்பாட்டிலும், கண்ணாடி போடாத காகித ஓவியத்திலும் போய்ப் படியும். குழாயில் காற்றை அடைக்கும் டேம்பரை மூடுங்கள், அல்லது காட்சி நேரத்தில் அந்த யூனிட்டை நிறுத்துங்கள்.

நிறுத்தினால் வெக்கை. உள்ளே நிற்கும் ஒவ்வொரு ஆளும் ஏறக்குறைய 100 வாட் ஹீட்டர் மாதிரி. 30 பேர் என்றால் 3 கிலோவாட். முன்கூட்டியே 20 டிகிரிக்குக் குளிர வைத்துவிட்டு நிறுத்துங்கள், அரைமணி நேரம் தாங்கும். கதவில் ஒற்றைத் திரை போதாது. கறுப்புத் திரை இரண்டு, நடுவில் ஒன்றரை மீட்டர் இடைவெளி. ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். வெளிச்சமும் வராது, மூட்டமும் போகாது.

கிரானைட் தரையைக் கவனியுங்கள். பளபளப்பில் கூம்பு தலைகீழாக இன்னொன்று தெரியும். மங்கலான கறுப்புத் தரைவிரிப்பு, குறைந்தது ஒளிப்பாதைக்கு அடியில் 12 மீட்டருக்கு 4 மீட்டர். ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். ‘வெளியே’ என்ற பச்சை விளக்கை மூட அனுமதி இல்லை, மூடவும் கூடாது. சுவரில் அதன் ஒளி நேராக விழாதபடி பக்கவாட்டில் ஒரு கறுப்பு அட்டை வைக்கலாம்.

வாசலில் பலகை: ‘அறையில் மேடைப் புகை உள்ளது, ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்கவும், லென்ஸை நெருங்கி நேராகப் பார்க்க வேண்டாம்.’

சாமந்தி:

இவ்வளவு எதற்கு? 1973இல் ஆட்கள் பிடித்த சிகரெட் புகையிலும் அறைத் தூசியிலும்தான் இந்தப் படத்தைக் காட்டினார்கள் என்று படித்த ஞாபகம். ஒரு தூபக்கால் நிறைய சாம்பிராணி போட்டால் போதாதா? இல்லையென்றால் டிரை ஐஸ்?

கட்டடப்பொறி:

யோசனை ரசனையானது. காலரிக்குள் ஆகாது.

சாம்பிராணிப் புகை எரிந்து வருவது. கரித்துகளும் பிசினும் சேர்ந்தது. பூஜை அறைச் சுவரும் கூரையும் பத்து வருடத்தில் என்ன நிறத்துக்கு வருகின்றன என்று பாருங்கள்; அதுவேதான் உங்கள் வெள்ளைச் சுவரிலும் லென்ஸிலும் படியும். இன்னொரு குறை, அது சீராகப் பரவாது. சூடாக இருப்பதால் நேராகக் கூரைக்குப் போய்த் தங்கும், ஆள் உயரத்தில் மெல்லிய இழைகளாகத்தான் இருக்கும். அந்த இழைகள் ஒளியில் அலைவது மிக அழகு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கூம்பு அங்கங்கே கிழிந்து தெரியும். தவிர, திறந்த நெருப்பு, அதுவும் டிடெக்டரைத் துண்டித்து வைத்திருக்கும் அறையில்.

டிரை ஐஸ் அதற்கு எதிர். குளிர்ந்த கரியமில வாயு, கனம், தரையோடு படியும். கணுக்கால் வரை மேகம், கூம்பு இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை. மூடிய அறையில் மூச்சுத் திணறும் ஆபத்து வேறு.

நிழல்மேடை:

கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள், இந்தப் பாடெல்லாம் எதற்கு? பிரிண்டை ஸ்கேன் செய்து 5,000 லூமன் டிஜிட்டல் புரொஜெக்டரில் போட்டால் முடிந்தது.

பதினாறு_மிமீ:

இரண்டு காரணத்தால் முடியாது. வாடகைக்கு வந்த பிரிண்டை ஸ்கேன் செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. மெக்கால் 2010இல் ‘லைன் டிஸ்கிரைபிங் எ கோன் 2.0’ என்று டிஜிட்டலில் தனியாகச் செய்திருக்கிறார். அது வேறு படைப்பு, அதற்கு வேறு அனுமதி.

அடுத்தது கறுப்பு. டிஜிட்டல் புரொஜெக்டர் கறுப்பு என்று காட்டுவது உண்மையில் மங்கலான சாம்பல். திரையில் பழகிப்போய்விடும். ஹேஸில் அந்தச் சாம்பல் முழுச் செவ்வகமாக, லென்ஸிலிருந்து விரியும் ஒரு பிரமிடாக எழுந்து நிற்கும், அதற்குள் உங்கள் கூம்பு. லூமன் கூடக் கூட இந்தச் சாம்பலும் கூடும். பிலிமின் கறுப்பும் முழுக் கறுப்பு இல்லைதான், ஆனால் நல்ல பிரிண்டில் இந்த அளவுக்குத் தெரியாது.

மைக்கும்மேசையும்:

இரண்டாவது படத்துக்கும் உரையாடலுக்கும் வருகிறேன்.

ஒரே அறை வேண்டாம். ஹேஸ் நின்ற அறையில் 40 நிமிடம் பேசினால் பேசுபவருக்குத் தொண்டை கட்டும், மேடை விளக்கு ஒவ்வொன்றும் ஒரு தூணாகத் தெரியும். தவிர 60 நாற்காலியை இருட்டில் யார் போடுவது? உரையரங்கைப் பயன்படுத்துங்கள்.

60 பேரை ஒரே நேரத்தில் கூம்பு அறைக்குள் விட்டால், கூம்பு தெரியாது, ஆட்களின் முதுகுதான் தெரியும். இரண்டு அணி. 6 மணிக்கு முதல் 30 பேர் காலரியில், மற்ற 30 பேர் உரையரங்கில் டிஜிட்டல் படம். 6:45க்கு இடம் மாற்றம். 7:25க்கு எல்லோரும் உரையரங்கில், உரையாடல். நடுவில் கிடைக்கும் கால்மணி நேரத்தில் ரீவைண்ட், கேட் துடைப்பு, மூட்டம் சரிபார்ப்பு. ஆனால் பிரிண்ட் வாடகை ஒரு காட்சிக்கா இரண்டுக்கா என்று இப்போதே கேட்டு, ‘இரண்டு காட்சி’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கடைசி நாளில் கேட்டால் பதில் வராது.

குத்துவிளக்கு, வரவேற்புரை, சால்வை எல்லாம் 5:40க்கு முன்கூடத்திலேயே முடியட்டும். வெளிச்சத்தில் நின்றுவிட்டு நேராக இருட்டு அறைக்குள் போனால் கண் பழகச் சில நிமிடம் ஆகும். படத்தின் முதல் சில நிமிடம் ஒரு நூல் அளவு ஒளிதான். அதைப் பார்க்காமலே ‘இன்னும் ஆரம்பிக்கலையா’ என்று கேட்பார்கள். காலரிக்குப் போகும் வழியிலும் விளக்கைக் குறைத்து வையுங்கள்.

டிஜிட்டல் படம். கலைஞரிடம் என்ன கோப்பு என்று கேளுங்கள். 1920க்கு 1080, 25 பிரேம், புரோரெஸ் 422 எச்கியூ (அதிகம் சுருக்காத, பெரிய வீடியோ கோப்பு வகை) என்றால் 22 நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி வரும். பென் டிரைவிலிருந்து ஓட்டாதீர்கள், லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டிரைவின் ஃபார்மேட் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும். 25 பிரேம் படத்தை லேப்டாப் வழக்கமாக அனுப்பும் 60 ஹெர்ட்ஸில் போட்டால், கேமரா மெல்ல நகரும் இடமெல்லாம் சின்னச் சின்னதாக இடறும். டிஸ்பிளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, ஒரு நீளமான பேன் ஷாட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தமிழ் சப்டைட்டில் தனிக் கோப்பாக வந்தால் எச்சரிக்கை. சில பிளேயர்களில் ‘கொ’, ‘தை’ எல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். படத்திலேயே பதித்துத் தரச் சொல்லிவிடுங்கள். கோப்பு 5.1 ஒலி (ஆறு சானல்) என்றால், ஸ்டீரியோ மட்டும் உள்ள அரங்கில் நடு சானல் காணாமல் போய்ப் பேச்சே கேட்காது, இசை மட்டும் முழங்கும். ஸ்டீரியோ மிக்ஸ் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

5,000 லூமன் விஷயம்: 3.2 மீட்டர் அகலத் திரை என்றால் பரப்பு 5.76 சதுர மீட்டர். சினிமா அரங்கின் 48 நிட் (திரையின் பளிச்சை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு 48 × 3.14 × 5.76, அதாவது 870 லூமன் திரைக்கு வந்தால் போதும். அரங்கம் முழு இருட்டாக இருந்தால் 2,000 லூமன் புரொஜெக்டரே தாராளம். 5,000ஐக் கொண்டுவந்து வைத்தால் இரவுக் காட்சி எல்லாம் விடிந்துவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் எக்கோ நிலைக்கு இறக்குங்கள். எச்டிஎம்ஐ ஒயர் 10 மீட்டருக்கு மேல் போகிறது என்றால் சாதாரண ஒயரை நம்பாதீர்கள். ஆப்டிகல் எச்டிஎம்ஐ, அல்லது கேட்6 ஒயரில் போகும் எச்டிபேஸ்டி பெட்டி.

உரையாடலில் படத்தின் சில துண்டுகளைக் காட்டுவார்கள். முழுப் படத்தைத் திறந்து, மவுஸால் இழுத்து இழுத்து ‘இங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் முன்னால்’ என்று தேடும் காட்சியைப் போல ஒரு கூட்டத்தின் உயிரை எடுப்பது வேறில்லை. மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 90 விநாடிக்குள், முன்பே வெட்டி 1, 2, 3 என்று பெயரிட்டு வையுங்கள்.

மைக் மூன்று: கலைஞருக்கும் நடத்துபவருக்கும் காலர் மைக், பார்வையாளர்களுக்குக் கைமைக் ஒன்று. கைமைக்கை ஆளிடம் கொடுத்துவிடக் கூடாது, பிடித்துக்கொண்டு நிற்க ஒரு தன்னார்வலர் வேண்டும். கேள்வி என்று எழுந்து பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றுபவரிடமிருந்து மைக்கை வாங்குவதற்கு அது ஒன்றுதான் நாகரிகமான வழி. துண்டுச்சீட்டில் எழுதி வாங்குவது இன்னும் நல்லது, கூச்சப்படுகிறவர்களின் கேள்வியும் வரும். சுழலும் நாற்காலி வேண்டாம். முன்விளக்கு இரண்டு, பக்கவாட்டில் 45 டிகிரியிலிருந்து, திரை மேல் விழாமல்.

தமிழ் தெரியாதவர்கள் இருந்து ஒவ்வொரு பதிலையும் நிறுத்தி மொழிபெயர்த்தால் 40 நிமிட உரையாடல் 20 நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்தாறு பேர்தான் என்றால் பின்வரிசையில் அவர்களோடு ஒருவர் உட்கார்ந்து காதோடு சொல்லட்டும். அதிகம் என்றால் ரிசீவர், இயர்போன் வாடகைக்குக் கிடைக்கும்.

பதிவு செய்கிறீர்கள் என்றால் கலைஞரிடம் முன்பே கையெழுத்து வாங்குங்கள். மிக்ஸரின் தனி அவுட்டிலிருந்து ஒலி எடுங்கள், கேமரா மைக்கை நம்ப வேண்டாம்.

வெள்ளைச்சுவர்:

இரண்டு அணி யோசனையை எடுத்துக்கொண்டோம், அனுமதியும் கேட்டாயிற்று. 35 மிமீ லென்ஸ் கிடைத்துவிட்டது, 50 ஹெர்ட்ஸ் புரொஜெக்டரும் வாடகைக்கு வருகிறது. கடைசியாக ஒன்று: வட்டம் மூடி முடிந்ததும் உடனே அறை விளக்கைப் போடலாமா?

பதினாறு_மிமீ:

அறை விளக்குக்கு முன்னால் புரொஜெக்டர் விளக்கு. படம் முடிந்து வால் லீடர் ஓடும். அது கறுப்பா, நிறமில்லாததா என்று மேசையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிறமில்லாததாக இருந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அரைமணி நேரம் இருட்டுக்குப் பழகி லென்ஸைப் பார்த்து நிற்கும் 30 பேர் கண்ணிலும் முழு வெள்ளை ஒளி அறையும். பிரிண்டில் ஸ்டிக்கர் ஒட்டியோ பேனாவால் குறித்தோ அடையாளம் வைக்காதீர்கள், அது நம்முடையது இல்லை. ஒத்திகையில் முதல் புள்ளி தோன்றியது முதல் வட்டம் மூடுவது வரை நிறுத்துக் கடிகாரத்தில் அளந்து எழுதிவையுங்கள். காட்சியன்று அதற்கு 30 விநாடி முன்பிருந்து கை விளக்கு ஸ்விட்சில் இருக்கட்டும். வட்டம் மூடியதும் விளக்கை மட்டும் அணையுங்கள், மோட்டார் ஓடட்டும், வால் முழுக்கச் சுற்றிக்கொள்ளட்டும். பத்து விநாடி இருட்டு. அதன் பிறகு அறை விளக்கை டிம்மரில் மெல்ல ஏற்றுங்கள்.

மின்விசிறி ஐந்து நிமிடமாவது ஓடிய பிறகே மெயினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது புரொஜெக்டரை நகர்த்தினால் ஹாலஜன் இழை அறுந்துபோகும். மாற்றுப் பல்பு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், வெறும் விரலால் தொடாமல். இரண்டாவது காட்சி முடிந்ததும் ரீவைண்ட் செய்வதா, வால் வெளியே இருக்கும்படி அப்படியே அனுப்புவதா என்று பெட்டியோடு வரும் தாளில் எழுதியிருப்பார்கள். அதன்படி செய்து, எது என்று லீடரில் அல்ல, பெட்டி மேல் ஒட்டும் சீட்டில் எழுதுங்கள்.